பறக்கும்போது ரீஸ்டார்ட் ஆன கம்ப்யூட்டர்: ஹாபி ராக்கெட்டுக்கு நாமே ஒரு ஃப்ளைட் கம்ப்யூட்டர்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஒரு நம்பர்ல ஆரம்பிக்கிறேன்: மைனஸ் 52.

என் ராக்கெட் மேல போச்சு, பாராசூட் விரிஞ்சுது, பத்திரமா தரைக்கு வந்துது. எல்லாரும் கை தட்டினாங்க. உள்ள நான் செஞ்சு வச்சிருந்த போர்டை லேப்டாப்ல மாட்டி டேட்டாவைப் பார்த்தா, கடைசி வரியில உயரம் மைனஸ் 52 மீட்டர்னு இருக்கு. அதாவது என் கோடு சொல்றபடி ராக்கெட் டெக்ஸாஸ் மண்ணுக்குள்ள 52 மீட்டர் ஆழத்துல கிடக்குது. முதல்ல சிரிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு அது ஏன்னு புரிஞ்சப்போ, சிரிப்பு போயிடுச்சு. அந்த நம்பர் எப்படி வந்துதுங்கறதுதான் இந்த எபிசோட்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஹாபி ராக்கெட்னா அட்டைக் குழாய், பல்சா மர இறக்கை, பிளாஸ்டிக் மூக்கு, அடியில கடையில வாங்கின ஒரு மோட்டார். அமெரிக்காவுல இது பழைய பொழுதுபோக்கு. நெப்ராஸ்காவுல செருப்புக்கடை வச்சிருந்த ஆர்வில் கார்லைல்னு ஒருத்தர் 1954ல அட்டை ராக்கெட்டுக்கு மாத்திப் போடுற மாதிரி ஒரு சின்ன மோட்டார் செஞ்சார். ஸ்புட்னிக் போன பிறகு பசங்க வீட்டிலேயே மருந்து கலந்து கையைச் சுட்டுக்கிட்ட காலம் அது. அதுக்கு மாற்றாத்தான் தொழிற்சாலையில செஞ்ச மோட்டார் பரவுச்சு. இன்னைக்கும் அங்க சட்டப்படி 125 கிராம் வரைக்கும் எரிபொருள், மொத்தம் 1500 கிராமுக்குள்ள எடை, காகிதம், மரம் மாதிரி உடையக்கூடிய பொருள்கள்னு இருந்தா அது சின்ன ராக்கெட் கணக்கு. என்னோடது 700 கிராம்.

மோட்டார் மேல சி6-5 மாதிரி ஒரு பேர் போட்டிருக்கும். சி-ங்கறது மொத்த உந்துதலோட வகுப்பு, ஒவ்வொரு எழுத்துக்கும் அது இரட்டிப்பாகும். 6-ங்கறது சராசரி உந்துவிசை, நியூட்டன்ல. கடைசி 5தான் நமக்கு முக்கியம். எரிஞ்சு முடிஞ்சு 5 செகண்ட் கழிச்சு ஒரு சின்ன மருந்து வெடிச்சு, மூக்கைத் தள்ளி, பாராசூட்டை வெளிய விடும்.

அந்த 5 செகண்ட் தொழிற்சாலையில முடிவானது. உங்க ராக்கெட் கொஞ்சம் கனமா இருந்தாலோ, காத்துல சாஞ்சு போனாலோ, உச்சிக்குப் போற நேரம் மாறிடும். அப்போ பாராசூட் உச்சியில விரியாம வேகமா ஏறும்போதோ இறங்கும்போதோ விரியும். நூல் அட்டைக் குழாயை ஜிப் மாதிரி கிழிச்சுட்டுப் போகும். இந்த முடிவை ராக்கெட்டே எடுக்கணும்னா அதுக்கு ஒரு சின்ன மூளை வேணும். ஃப்ளைட் கம்ப்யூட்டர்னு பெருசா சொல்றோமே தவிர, அதோட முக்கியமான வேலை ஒன்னே ஒன்னுதான்: "இப்போ உச்சியில இருக்கேன்"னு சரியா சொல்றது.

பொருள்கள் எளிது. ஒரு இஎஸ்பி32 போர்டு, காற்றழுத்தம் அளக்க பிஎம்பி 280, முடுக்கம் அளக்க எம்பியு 6050, டேட்டா எழுத ஒரு ஃப்ளாஷ் சிப். எஸ்டி கார்டு வேண்டாம். நடுவுல திடீர்னு நூறு மில்லி செகண்ட் எழுதாம நின்னுடும், அதிர்வுல கழண்டும் போகும். இதையெல்லாம் பிரெட்போர்டுல ஜம்பர் வயர் குத்தி அனுப்பலாமான்னு கேட்காதீங்க. சால்டர் பண்ணுங்க.

சரி, உச்சியை எப்படிக் கண்டுபிடிக்கறது?

என்கிட்ட இதைக் கேட்ட பத்துல எட்டு பேர் சொன்ன பதில்: "முடுக்கமானி பூஜ்யம் காட்டினா அதுதான் உச்சி." நானும் அப்படித்தான் நினைச்சேன். அது தப்பு. எவ்வளவு தப்புன்னு பார்க்க உங்க போன் போதும். சென்சார் காட்டுற ஒரு ஆப் போட்டு, போனை மெத்தை மேல மெதுவா தூக்கிப் போட்டுப் பிடிங்க. மேசை மேல சும்மா இருக்கும்போது 1 ஜி காட்டும். கையை விட்ட நொடியிலிருந்து திரும்பப் பிடிக்கற வரைக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும், கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும். ராட்டினம் மேலயிருந்து இறங்கும்போது வயிறு மிதக்குதே, அதே விஷயம். ஈர்ப்பு சென்சாரையும் அதைச் சுத்தி இருக்கற பெட்டியையும் ஒன்னா இழுக்குது, அதனால சென்சாருக்கு அது தெரியாது. மேசை கீழயிருந்து தள்ளுறதுதான் அதுக்குத் தெரியும்.

அப்போ ராக்கெட்ல என்ன ஆகும்? மோட்டார் எரியும்போது நல்ல பெரிய நம்பர் வரும். எரிஞ்சு முடிஞ்ச உடனே காற்றோட இழுப்பு மட்டும் கொஞ்சம் மைனஸா தெரியும், வேகம் குறையக் குறைய அதுவும் பூஜ்யத்தை நோக்கிப் போகும். உச்சியில விசேஷமா ஒன்னுமே நடக்காது. அந்த கிராஃப்ல உச்சி எங்கன்னு நீங்க விரல் வச்சுக் காட்ட முடியாது.

அடுத்தது அழுத்தமானி. மேல போகப் போக அழுத்தம் குறையும். கடல் மட்டத்துக்குப் பக்கத்துல 1 ஹெக்டோபாஸ்கல் குறைஞ்சா சுமார் 8 மீட்டர் ஏறியிருக்கோம்னு அர்த்தம். இதை உங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்லயே பார்க்கலாம், ஒரு மாடிக்கு 0.36 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். உயரம் குறைய ஆரம்பிச்சா உச்சி தாண்டியாச்சு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உச்சியில ராக்கெட் கிட்டத்தட்ட நின்னுடுது. உச்சி தாண்டி அரை செகண்ட்ல அது விழுந்திருக்கறது வெறும் 1.2 மீட்டர். இந்த சென்சாரோ ஒரு மீட்டர் முன்னப்பின்ன ஆடும். ஏறும்போதே ஒரு ரீடிங் குறைஞ்சதா காட்டும். அதை நம்பி பாராசூட்டை விட்டா போச்சு. சரின்னு 20 ரீடிங்கை சராசரி எடுத்தா, ஆட்டம் அடங்கும், ஆனா பதில் லேட்டா வரும்.

இங்கதான் ரெண்டையும் சேர்க்கணும். ராத்திரி பஸ்ல சென்னையிலிருந்து மதுரை போறீங்க, கண்ணை மூடியிருக்கீங்க. வண்டி வேகம் எடுக்கறது, பிரேக் போடறது உடம்புக்குத் தெரியும். அதை வச்சே இப்போ எங்க இருக்கோம்னு மனசுக்குள்ள கணக்குப் போடலாம், ஆனா நேரம் ஆக ஆக தப்பு சேர்ந்துட்டே போகும். நடுநடுவுல கண்ணைத் திறந்து ஒரு ஊர்ப் பலகையை அரைகுறையா படிக்கறீங்க. "விக்கிரவாண்டியா, விழுப்புரமா, சரியா தெரியல." ஆனாலும் உங்க கணக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்குவீங்க. முடுக்கமானி உங்க உடம்பு, அழுத்தமானி அந்தப் பலகை. எதை எவ்வளவு நம்பணும்னு எடை போட்டு நகர்த்தறதுதான் கால்மன் ஃபில்டர். ருடால்ஃப் கால்மன் 1960ல எழுதினது, அப்போலோவுல வழி கண்டுபிடிக்கவும் இதைத்தான் பயன்படுத்தினாங்க. நம்ம ராக்கெட்டுக்கு உயரம், வேகம், முடுக்கம்னு மூணே எண். கோடு நாப்பது வரிகூட வராது. வர்ற வேகம் பூஜ்யத்துக்குக் கீழ போய், தொடர்ந்து சில ரீடிங் அங்கயே இருந்தா, அதுதான் உச்சி.

சின்னதா ஒன்னு. அழுத்தமானி குழாய்க்குள்ள இருக்கு, அதுக்கு வெளிக்காத்து தெரியணும். குழாயைச் சுத்தி சம இடைவெளியில மூணு நாலு சின்ன ஓட்டை போடணும். ஒரே ஒரு ஓட்டை போட்டா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்குத் தகுந்த மாதிரி பொய் சொல்லும். அந்த அறைக்கும் பாராசூட் அறைக்கும் நடுவுல ஓட்டை இருக்கவே கூடாது.

இப்போ அந்தப் பெரியவர் கதைக்கு வரேன்.

நான் போற கிளப்ல பாதுகாப்பைப் பார்த்துக்கற ஒரு பெரியவர் இருக்கார், எழுபது வயசுக்கு மேல. ஒவ்வொரு ராக்கெட்டையும் கையில வாங்கி, இறக்கையை ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் விடுவார். நான் பெருமையா போய், "பாராசூட்டை என் போர்டே விடும், மோட்டார்ல இருக்கற மருந்தைக் கொட்டிடப் போறேன்"னேன். அவர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை தடவை பறந்திருக்கு?" "இதுதான் முதல் தடவை." "அப்போ முதல் மூணு தடவை அது பயணி. டிரைவர் இல்லை. பாராசூட்டை மோட்டாரே விடட்டும்."

எனக்குக் கோவம். மூணு மாசம் ராத்திரி உட்கார்ந்து எழுதின கோடு, டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆனா அங்க அவர் சொல்றதுதான் சட்டம். பத்த வைக்கற குச்சிக்குப் பதிலா ஒரு எல்இடியை மாட்டிட்டு அனுப்பினேன்.

அந்தப் பறப்புல வந்ததுதான் மைனஸ் 52.

லாக்கைப் பின்னாடியிருந்து படிச்சேன். கிளம்பி ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்குகூட ஆகல, எழுத்து நின்னு போச்சு. அடுத்த வரி: "போர்டு தொடங்குகிறது." நடு வானத்துல ரீஸ்டார்ட்.

காரணம் பேட்டரி. தடியா ஒரு லித்தியம் செல், 45 கிராம், ஸ்பிரிங் வச்ச ஒரு ஹோல்டர்ல உட்கார்ந்திருந்துது. ஸ்பிரிங் கீழ்ப்பக்கம். கிளம்புற நொடியில 9 ஜி. அப்போ அந்த 45 கிராம் செல், 400 கிராம் கனத்தோட ஸ்பிரிங்கை அழுத்தும். ஸ்பிரிங் அமுங்குச்சு, மேல்முனை தொடர்பு விட்டுச்சு, ஒரு கண் சிமிட்டல்தான். கம்ப்யூட்டருக்கு அது போதும்.

அதைவிட மோசம் அதுக்கப்புறம் நடந்தது. ஆஃபீஸ்ல ஒரு சர்வீஸ் விழுந்தா நாம என்ன பண்றோம்? ரீஸ்டார்ட். சுத்தமான நிலையிலிருந்து ஆரம்பிக்கும், பிரச்சினை தீர்ந்துடும். என் பழக்கம் முழுக்க அதுதான். என் போர்டும் சமத்தா எழுந்துது, "நான் தரையில இருக்கேன்"ங்கற நிலையில உட்கார்ந்துது. 50 ரீடிங் எடுத்து சராசரி போட்டு, அதைத் தரைமட்டம்னு வச்சுக்கிச்சு. அப்போ ராக்கெட் 52 மீட்டர் உயரத்துல பறந்துட்டிருக்கு! அந்த 50 ரீடிங்கும் ஒன்னுக்கு மேல ஒன்னு ஏறிட்டே போகுது, ஒரு குழந்தை பார்த்தாலே இது நிக்கற பொருள் இல்லைன்னு சொல்லும். நான் அதைச் சோதிக்கல. அப்புறம் அது 3 ஜிக்கு மேல 0.2 செகண்ட் முடுக்கம் வருதான்னு பொறுமையா காத்திருந்துது. மோட்டார் எரிஞ்சு முடிஞ்சு போச்சு, இனிமே எங்கிருந்து வரும்? உச்சி வந்து போச்சு, 156 மீட்டர். என் போர்டுக்கு அது தரையிலிருந்து 104. எல்இடி எரியவே இல்லை.

மோட்டார் மருந்தைக் கொட்டியிருந்தேன்னா? 700 கிராம் எடை, கூர்மூக்கு, 156 மீட்டரிலிருந்து பாராசூட் இல்லாம. தரைக்கு வரும்போது மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல இருக்கும். அன்னைக்கு அந்த மைதானத்துல ஸ்கூல் பசங்க ஒரு குரூப் வந்திருந்தாங்க. நான் பெரியவர்கிட்ட போய் ஸ்கிரீனைக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லல, "ஸ்பிரிங் ஹோல்டரா?"ன்னு மட்டும் கேட்டார்.

சரி பண்ணினது ரெண்டு இடத்துல. ஹார்ட்வேர்ல: ஹோல்டரைத் தூக்கிட்டு, டேப் வச்ச செல்லை வாங்கி வயரை சால்டர் பண்ணி, ரெண்டு பட்டை போட்டுக் கட்டினேன். மின்சாரம் உள்ள வர்ற இடத்துல 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்னு, சில மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும். பாராசூட் குச்சியை எரிக்கறதுக்குத் தனி பேட்டரி. குச்சிக்கு ஒரு நொடி ஒரு ஆம்பியர் மாதிரி தேவைப்படும், ஒரே பேட்டரின்னா வோல்டேஜ் சரிஞ்சு மறுபடியும் ரீஸ்டார்ட்தான். அப்புறம் அந்த மாஸ்ஃபெட்டோட கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு ரெசிஸ்டர் கட்டாயம். இஎஸ்பி32ல சில பின்கள் பூட் ஆகும்போது தானா ஒரு கணம் ஆன் ஆகும். பவர் போட்ட உடனே முகத்துக்கு நேரா மருந்து வெடிக்க நீங்க விரும்ப மாட்டீங்க.

சாஃப்ட்வேர்ல: தரை அழுத்தத்தையும் இப்போதைய நிலையையும் எஃப்ரேம் சிப் ஒன்னுல எழுதிட்டே இருக்கேன், பவர் போனாலும் அது மறக்காது. எழுந்த உடனே போர்டு முதல்ல அதைப் படிக்கும். "கடைசியா நான் தயார் நிலையில இருந்தேன், இப்போ அழுத்தம் தரையைவிடக் குறைவு, முடுக்கமானி 1 ஜி காட்டல. அப்போ நான் வானத்துல இருக்கேன்." நேரா உச்சி தேடற நிலைக்குப் போகும். அதோட, கிளம்பி இத்தனை செகண்டுக்குள்ள விடவே கூடாது, இத்தனை செகண்டுக்கு மேல ஆனா சென்சார் என்ன சொன்னாலும் விட்டுடணும்னு ரெண்டு வேலி.

ரெண்டாவது, மூணாவது பறப்பு, பயணியாவே, ஒழுங்கா போச்சு. அடுத்து பெரிய மோட்டார், 400 மீட்டர் போகும்னு கணக்கு. அதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு டெஸ்ட் பண்ணினேன், இதை எல்லாரும் பண்ணலாம். ஒரு ஊறுகாய் பாட்டில், மூடியில ஓட்டை போட்டு ஒரு டியூப், காத்து புகாம பசை, டியூப் முனையில 50 மில்லி சிரிஞ்ச். உள்ள போர்டு. பாட்டில்ல அரை லிட்டர் காத்து இருந்தா, சிரிஞ்சை முழுசா இழுத்தா அழுத்தம் சுமார் 800 மீட்டர் உயரத்துக்குச் சமமா இறங்கும். இழுத்தா ஏறுது, விட்டா இறங்குது. கிளம்பியாச்சுன்னு காட்ட, முடுக்கத்துக்கு மட்டும் கோடுல பொய் எண் கொடுத்தேன்.

மெதுவா இழுத்தேன். 300 மீட்டர் தாண்டிச்சு. இன்னும் இழுத்துட்டேதான் இருக்கேன், எல்இடி பளிச்சுனு எரியுது. உச்சியே வரல!

லாக்குல 327 மீட்டருக்கு அடுத்த வரி மைனஸ் 327. மெமரியை மிச்சம் பிடிக்க உயரத்தை சென்டிமீட்டர்ல, 16 பிட் எண்ணா வச்சிருந்தேன். அதுல 32,767 வரைக்கும்தான் போகும். 327.67 மீட்டர். அதுக்கு மேல போனா சுத்தி மைனஸ்க்கு வந்துடும். ஃபில்டருக்கு ராக்கெட் ஒரு நொடியில 655 மீட்டர் விழுந்த மாதிரி தெரியும். பாராசூட் முழு வேகத்துல விரியும். முதல் மூணு பறப்பும் அந்த உயரத்தைத் தொடாததால பிழை அப்படியே ஒளிஞ்சிருந்துது.

இதைக் கேட்டதும் சில பேருக்கு ஏரியான் 5 ஞாபகம் வந்திருக்கும். 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவுல கூரு. முதல் பறப்பு. ஏரியான் 4லிருந்து எடுத்த கோடு, பக்கவாட்டு வேகம் சம்பந்தப்பட்ட ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள்ள திணிக்கப் பார்த்துது. புது ராக்கெட்டுக்கு அந்த வேகம் அதிகம், அடங்கல. திசை சொல்ற கம்ப்யூட்டர் நின்னு போச்சு. மாற்றா இன்னொன்னு இருந்துது, ஆனா அதுலயும் அதே கோடு, அது கொஞ்சம் முன்னாடியே அதே காரணத்தால நின்னுடுச்சு. கிளம்பி 40 செகண்டுக்குள்ள ராக்கெட் சிதறிச்சு. இதுல எனக்கு ரொம்ப வலிக்கற இடம் எதுன்னா, அந்தக் கணக்கு கிளம்பினதுக்கப்புறம் தேவையே இல்லாத ஒன்னு. தரையில நிக்கும்போது சீர்செய்யறதுக்கான கோடு, சும்மா ஓடிட்டிருந்துது. என் "தரைமட்டம் அளக்கற" கோடு நடுவானத்துல ஓடின மாதிரி.

நான் 32 பிட்டுக்கு மாத்தினேன். பெரியவர் சம்மதிச்சார், ஆனா மோட்டார் மருந்தும் பின்துணையா இருக்கணும், உச்சிக்குக் கொஞ்சம் லேட்டா வெடிக்கற மாதிரி. போர்டு உச்சி தாண்டி 0.3 செகண்ட்ல விட்டுச்சு. மோட்டார் மருந்து வெடிச்சப்போ பாராசூட் ஏற்கெனவே வெளிய ஆடிட்டு இருந்துது. கீழ வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை தடவை பூட் ஆச்சு?" லாக்கைத் திறந்து காட்டினேன். ஒரு தடவை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார்: "இங்க மோட்டார் கிடைக்காதே, பட்டாசு மருந்தைப் பிரிச்சு நாமே செய்யலாமா?" செய்யாதீங்க. நம்ம ஊர்ல அது 1884 வெடிமருந்துச் சட்டம், 2008 விதிகள் கிட்ட போய் நிக்கும், அதுக்கும் முன்னாடி உங்க விரல் போய் நிக்கும். ஆனா போர்டைக் கத்துக்க மோட்டாரே வேண்டாம். லிஃப்ட் இருக்கு, ஊறுகாய் பாட்டில் இருக்கு. நிஜமாவே பறக்கணும்னா ரெண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்ல தண்ணி ராக்கெட் விடுங்க. ஒரு சின்ன சர்வோ கதவைத் திறந்தா பாராசூட் வெளிய வந்துடும், மருந்து வேலையே கிடையாது. ஒன்னே ஒன்னு கவனிங்க: தண்ணி ராக்கெட்ல உந்துதல் ஒரு நொடியில சின்னப் பங்குலயே முடிஞ்சுடும். என்னோட 0.2 செகண்ட் காத்திருக்கற விதியை அப்படியே காப்பி பண்ணினா போர்டுக்குக் கிளம்பினதே தெரியாது. அதைக் குறைச்சு, உயரமும் ஏறுதான்னு சேர்த்துச் சோதிங்க.

கோடு படிச்சுப் பழகணும்னா ஆல்டஸ் மெட்ரம் பாருங்க. கீத் பேக்கர்டும் பிடேல் கார்பியும் செய்யறது, வன்பொருள் வரைபடம், கோடு ரெண்டும் திறந்தே இருக்கு. அடுத்த எபிசோட்ல, சோளக்காட்டுக்குள்ள விழுந்த ராக்கெட்டை ரேடியோ வச்சுத் தேடின கதை.